மிதிப்பதற்கும் ஒரு முறை உண்டு



கிளைக் கிராமங்களுக்கு மிதிவண்டியில் சென்று ஞானோபதேசம் கற்பிக்கும் உபதேசியார் ஒருவர், "முழங்கால் வலி தாளவில்லை, இப்பணியை விட்டுவிடலாமா?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய வண்டியைப் பார்த்தேன். ஏறி இறங்க எளிதென்று இருக்கையை மிகத் தாழ்த்தி வைத்திருந்தார்.

இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்நிலையில் வலிந்து அழுத்தும்போது முழங்காற்சில்லு தொடையெலும்போடு மிகுதியாக நெருக்கப்படுகிறது. இருக்கை மிக உயர்ந்தாலோ, மிதியை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் அசைந்து முதுகு நோகும்.

சரியான உயரத்தை அறிவது எளிது. மற்றொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இருக்கையில் அமர்ந்து, மிதியை அடிநிலைக்குக் கொணர்ந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நீண்டிருக்க வேண்டும். பின்னர், பெருவிரலின் அடிமேட்டை மிதியின் அச்சுக்கு நேராக வைத்தால், முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். இதுவே உகந்த அளவு. நம்மவர் பலர் நடுப்பாதத்தால் மிதிக்கின்றனர்; அதனைத் தவிர்த்தல் நன்று.

மிதி வட்டமாகச் சுழன்றாலும், எல்லா இடத்திலும் நம் உழைப்பு ஒரே பயனைத் தருவதில்லை. உச்சியிலும் அடியிலும் எவ்வளவு அழுத்தினாலும் அவ்விசை அச்சை நோக்கியே சென்று வீணாகிறது. மிதித்தண்டு முன்புறம் கிடையாக வரும் வேளையிலேயே அழுத்தம் முழுப்பயன் தரும். அங்கே தொடையின் முன்தசைகளும் பிட்டத்தசைகளும் பெரும்பங்கு உழைக்கின்றன. மேலெழும் காலை வலிந்து இழுக்க வேண்டுவதில்லை. அதன் பாரம் எதிர்க்காலுக்குச் சுமையாகாதபடி இலேசாக எடுத்தாலே போதும்.

கடினமாக, மெதுவாக அழுத்துவதினும், இலேசாக, சீராகச் சுற்றுவதே மூட்டுக்கு நல்லது. சாதாரண வண்டியில் நிமிடத்திற்கு 60 சுற்று போதும். கியர் வண்டி ஓட்டும் இளைஞர் 80, 90 வரை பழகலாம். செங்குத்தான மேட்டில் இறங்கித் தள்ளுவது இழுக்கன்று.

உபதேசியார் இருக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்தினார். சில வாரங்களில் வலி தணிந்தது, பணியும் தொடர்கிறது. வலி தணியாதவர் மருத்துவரை நாடுவதே முறை.

இத்தாலியில், கோமோ ஏரிக்கு அண்மையிலுள்ள கிசாலோ மாதாவை, 1949-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். புறப்படுமுன் அத்தாயை ஒரு கணம் நினைப்போம். இருக்கையையும் ஒருமுறை சரிபார்ப்போம். உடலும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த தாலந்தே அன்றோ!