மகனுக்கு ஒரு பேஞ்சோ



தோட்டத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பால்மரம் வெட்டுகிறவர். பதினான்கு வயது மகன் பேஞ்சோ வேண்டுமென்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். கூட்டுப் பணம் கைக்கு வரப்போகிறது. "வாங்கிக் கொடுக்கலாமா? கொடுத்தால் எதைப் பார்த்து வாங்குவது? அவன் அப்பா, பணத்தைப் பாழாக்காதே என்கிறார்" என்று கேட்டிருக்கிறார். இதற்கு ஒரே வரியில் பதில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா, முதலில் மகன் கேட்பது எந்தப் பேஞ்சோ என்று அவனிடமே கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு வாத்தியங்கள் இருக்கின்றன. தட்டச்சு இயந்திரத்தைப் போல வரிசையாகப் பொத்தான்கள் வைத்த நீளப் பெட்டி ஒன்று. ஜப்பானில் நகோயா நகரத்துக் கோரோ மொரிதா என்பவர் 1912இல் செய்த தைஷோகோத்தோ என்ற கருவியின் வழிவந்தது அது. இந்தியாவில் அதைப் புல்புல் தரங் என்பார்கள், பேஞ்சோ என்றும் சொல்வார்கள். இடது கை பொத்தானை அழுத்தும், வலது கை தந்தியை மீட்டும். பஜனைக்கும் சினிமாப் பாட்டுக்கும் நன்றாக இருக்கும். ஆர்மோனியம் தொட்டுப் பழகியவனுக்குச் சீக்கிரம் வந்துவிடும். அவன் கேட்பது இதுதான் என்றால், அழுத்திய பொத்தான்கள் எல்லாம் உடனே எழும்பி வருகின்றனவா, தந்தியில் துரு இல்லையா என்று பார்த்து வாங்குங்கள். பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

மற்றொன்றுதான் மேல்நாட்டார் பேஞ்சோ என்பது. வட்டமான சட்டத்தில் தோல் போர்த்தி, நீண்ட கழுத்து வைத்தது. மேல்நாட்டார் என்றேனே தவிர, அது பிறந்த வழி ஆப்பிரிக்கா. அங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள், சுரைக்குடுக்கையில் தோல் கட்டி வாசித்த வாத்தியம் கரிபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் வளர்ந்து இந்த உருவம் பெற்றது. நம் பாட்டன்மார் கப்பலில் வந்த கதை எனக்கு நினைவு வரும். ஆனால் அவர்கள் பட்டது சங்கிலி. ஒப்பிடவும் நாக் கூசுகிறது.

இதிலும் இரண்டு வகை முக்கியம். நான்கு தந்தி உள்ள டெனர் பேஞ்சோவை ஒரு சிறு தகட்டால் மீட்டுவார்கள். அயர்லாந்துக்காரர்கள் அதை வயலின் போலவே, ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்த்து வாசிக்கிறார்கள். ஐந்து தந்தி உள்ளதை விரல்களால் வாசிப்பார்கள். அதில் ஐந்தாவது தந்தி மட்டும் குட்டையாக, கழுத்தின் நடுவிலிருந்து புறப்படும். வீணையின் தாளத் தந்திகளைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் வேலை புரிந்துவிடும். வழக்கமான சுருதியில் இந்த ஐந்தையும் வெறுமனே மீட்டினாலே ச, க, ப மூன்றும் ஒலிக்கும். ஆகவே முதல் நாளே பையனுக்கு ஏதோ வந்துவிட்டது போல் ஒரு சந்தோஷம் கிடைக்கும். துவக்கக்காரனுக்கு நான் இதையே சொல்வேன். வயலின் பழகியவனாக இருந்தால் மட்டும் டெனர்.

இப்போது அந்தக் காரணம். பல வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவனுக்கு அவன் அப்பா போனஸ் பணத்தில் பேஞ்சோ வாங்கினார். பட்டணத்துக் கடையில் பளபளவென்று தொங்கியதை வாங்கி, நேரே என்னிடம் கொண்டுவந்து காட்டினார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. "நல்லா இருக்குங்க" என்றேன். பையன் விரல் கன்றிப்போய் வந்தான். "பழகப் பழக வரும் தம்பி" என்றேன். மூன்று மாதத்தில் விட்டுவிட்டான். "உனக்குச் சங்கீத ஞானமே இல்லை" என்று அப்பா சொன்னதை நான் மறுக்கவில்லை. பேஞ்சோ லயத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. சில வருடம் கழித்துக் கல்யாண வீட்டில் வாசிக்க வந்த ஒருவர் அதை இறக்கிப் பார்த்தார். கழுத்து வளைந்திருந்தது, குதிரை இடம் மாறி நின்றது. "இதில் நானே வாசிக்க முடியாதே" என்றார். அதற்குள் பையன் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தான். அவனைத் தேடிப்போய்ச் சொன்னேன். "பரவாயில்லை சார்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் சங்கடம்தான்.

அதனால் கடையில் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். கழுத்தை ஒரு கண்ணால், பலகையின் நேர் பார்ப்பது போல, நுனியிலிருந்து பாருங்கள். முறுக்கியிருந்தால் வேண்டாம். பன்னிரண்டாவது மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மூன்று மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. விரல் நுழையும் உயரத்தில் இருந்தால் பிஞ்சு விரலுக்கு அது தண்டனை. அடுத்து, தந்தியை வெறுமனே மீட்டி ஒலியைக் கேளுங்கள். பிறகு அதே தந்தியைப் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் சரியாகப் பேச வேண்டும். பேசாவிட்டால் குதிரை இடம் மாறியிருக்கலாம். அது ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில் நிற்பது, நகர்த்திச் சரிசெய்யலாம். கடைக்காரரையே செய்து தரச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

ஐந்தாம் தந்தியின் பிருடை பல்சக்கரம் உள்ளதாக இருக்கட்டும். வெறும் உராய்வில் நிற்பது அடிக்கடி நழுவும். தோல், ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ வேண்டாம், பிளாஸ்டிக்கே போதும். நம் ஊர் ஈரத்தில் உண்மைத் தோல் தொய்ந்துபோகும்.

பின்பக்கம் மரத்தட்டு மூடியது சத்தம் அதிகம், கனமும் அதிகம். திறந்த முதுகு உள்ளதை வாங்குங்கள். தோலுக்குப் பின்னால் பழந்துணியைச் சுருட்டிச் செருகினால் சத்தம் பாதியாகும். விடியற்காலை வெட்டுக்குப் போகிறவர்கள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறார்கள் அல்லவா!

பழையதையும் தள்ளிவிடாதீர்கள். நேரான கழுத்துள்ள பழையது, வளைந்த புதியதைவிட எவ்வளவோ மேல். பணம் முழுவதையும் வாத்தியத்துக்கே கொடுத்துவிடாமல் ஒரு செட் தந்திக்கும் உறைக்கும் கொஞ்சம் வெள்ளி ஒதுக்குங்கள். தகரக் கூரையின் கீழ் உயரத்தில் மாட்டக் கூடாது. அந்த வெக்கையே கழுத்தை வளைத்துவிடும்.

மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் அவன் அப்பாவையும். வாங்கிய பிறகு எனக்கு எழுதுங்கள் அம்மா, அவன் முதலில் வாசித்த பாட்டு எது என்றும் சேர்த்து.