கதவைத் திறந்தது யார்?

இப்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒருவராவது அமெரிக்காவில் இருக்கிறார். கிள்ளானில் பிறந்து, சிங்கப்பூரில் நான்கைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு டெக்சாஸுக்குப் போன தம்பி, கோயம்புத்தூரிலிருந்து நேராகக் கலிபோர்னியாவுக்குப் போன மாப்பிள்ளை என்று வீட்டுக்கு ஒரு கதை. அதனால் அமெரிக்க அரசியலும் நம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. டிரம்ப் செய்வது சரியா, தவறா என்று அடித்துக்கொள்ளாத குடும்ப வாட்ஸ்அப் குழு அபூர்வம்.

பேசட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வாதம் என்னை உறுத்துகிறது. அண்மையில் என் சித்தப்பா மகனும் அதையே சொன்னான்.

“அண்ணே, நாங்க ரெண்டு பெட்டியோட இங்க வந்தோம். உழைச்சோம், வீடு வாங்கிட்டோம். இந்தக் கறுப்பனுங்க இங்கேயே பொறந்தவனுங்க. குடி, போதை, கேங்குன்னு திரிஞ்சிட்டு, கேட்டா எல்லாத்துக்கும் இனவாதம்னு சொல்றானுங்க.”

அவன் கெட்டவன் அல்ல. ஊருக்கு வந்தால் பழைய வாத்தியாரைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருபவன். ஆனால் குடி, கேங், உழைக்க மனமில்லை என்ற சொற்களை நாம் எங்கோ கேட்டிருக்கிறோமே? தோட்டம் துண்டாடப்பட்டதும் பட்டணத்து ஓரத்தில் வந்து விழுந்த நம் குடும்பங்களைப் பற்றி, இந்த நாட்டில் மற்றவர்கள் சொன்னது அதே சொற்கள்தான். அவன் தாத்தாவும் என் தாத்தாவும் ஒருவரே. அவர் பால்மரம் வெட்டியவர்.

சரி, “நாங்க வந்தோம்” என்கிறான். எப்படி வர முடிந்தது? அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

1790-இல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870-இல், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அந்த வழி திறந்தது. ஆசியர்களுக்குத் திறக்கவில்லை.

பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்தவர். குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அன்றைய இனவியல் நூல்களின்படி வட இந்தியரும் ‘காக்கேசிய’ இனம்தான், தான் உயர்சாதிக்காரன், ஆகவே தானும் வெள்ளையனே என்பது அவர் தரப்பு வாதம். 1923 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சாதாரண மனிதர்கள் யாரை வெள்ளையர் என்று எண்ணுகிறார்களோ அவர்களே வெள்ளையர், திண்ட் அதில் சேரமாட்டார் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற விதியே அநியாயம் என்று அந்த வழக்கு வாதாடவில்லை. என்னையும் அந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டது. சேர்த்துக்கொள்ளவில்லை. அதோடு, ஏற்கனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். நாடற்றவராகி, சொத்தையும் இழந்த அவர் 1928-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1946-இல்தான் இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்தது. ஆனால் இந்தியாவிலிருந்து குடியேற ஆண்டுக்கு 100 இடம் மட்டுமே. இன்று ஒரு விமானத்தில் ஏறுவோர்கூட அதைவிட அதிகம். 1960-இல் அந்த நாட்டில் இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள் சுமார் 12,000 பேர்தான். இன்று இந்திய வம்சாவளியினர் 40 லட்சத்துக்கும் மேல்.

இடையில் நடந்தது என்ன?

1955-இல் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற மறுத்தார்கள். 381 நாட்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள்கூட நடந்தே போனார்கள். 1963-இல் பர்மிங்ஹாம் நகரில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் ஏவப்பட்டன. 1965 மார்ச் 7-ஆம் தேதி செல்மா பாலத்தில், ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்கள் தடியால் அடிக்கப்பட்டார்கள். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸுக்கு அன்று மண்டை ஓடு விரிசல் கண்டது.

அந்த ரத்தத்துக்குப் பலனாக 1964 ஜூலையில் சம உரிமைச் சட்டமும் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. அதே 1965 அக்டோபர் 3-ஆம் தேதி, சுதந்திர தேவி சிலையின் காலடியில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டதுதான் புதிய குடிநுழைவுச் சட்டம். எந்த நாட்டுக்காரனுக்கு எத்தனை இடம் என்று பிறப்பைப் பார்த்து அளந்து கொடுத்த பழைய முறையை அது ஒழித்தது. பதினைந்தே மாத இடைவெளியில் மூன்று சட்டங்கள். இமானுவேல் செல்லர் என்ற மக்களவை உறுப்பினர், 1964 சட்டத்தையும் 1965 குடிநுழைவுச் சட்டத்தையும் முன்னின்று நிறைவேற்றியவர்.

இந்தியர்களை அழைத்து வருவதற்காகக் கறுப்பின மக்கள் அடிவாங்கவில்லை, உண்மைதான். பனிப்போர் காலத்தில் உலகத்தின் முன் நல்ல பெயர் வேண்டும் என்ற கணக்கும் அமெரிக்காவுக்கு இருந்தது. ஆனால் சொந்த நாட்டில் நிறம் பார்ப்பது குற்றம் என்று சட்டம் போட்டுவிட்டு, வாசலில் நின்று நிறம் பார்த்து உள்ளே விட முடியாது. அந்த நிலைக்கு அமெரிக்காவைக் கொண்டுவந்தது அவர்கள்தான். திண்டின் வழக்கால் திறக்காத கதவு அப்படித்தான் திறந்தது.

அடுத்தது உழைப்புப் பேச்சு. 1965 சட்டம் இரண்டு வகையினருக்கு முன்னுரிமை தந்தது. ஒன்று, அங்கே ஏற்கனவே இருப்பவர்களின் உறவினர். மற்றொன்று, தொழில் தகுதி உள்ளவர்கள். இந்தியர்களுக்கு அங்கே உறவினர் அதிகம் இல்லை. ஆகவே முதலில் போனவர்களில் டாக்டர்களும் பொறியியலாளர்களும் விஞ்ஞானிகளும்தான் ஏராளம். பிறகு எச்-1பி விசா வந்தது, அதற்கும் பட்டம் வேண்டும். சல்லடையில் சலித்து எடுத்த கூட்டம் அது. அவர்கள் உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சலித்தெடுத்த ஒரு கூட்டத்தை, விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட ஒரு சமுதாயத்தோடு நிறுத்திவைத்து “நீ ஏன் இப்படி இல்லை?” என்று கேட்பது நியாயமா?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டாம். கங்காணி அழைத்துவந்து தோட்டத்து லயத்தில் தங்கவைத்தவனும் தமிழன். இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கில் மென்பொருள் எழுதுபவனும் தமிழன். ஒரே மொழி, ஒரே ஊர்க்கோயில்கூட இருக்கலாம். போய்ச் சேர்ந்த வழிதான் வேறு. ஒருவன் பேரன் இன்னமும் வீட்டுக்கடனுக்கு அலைகிறான், மற்றவன் மகன் பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். இதில் யார் சோம்பேறி?

வீட்டுக்கடன் என்றதும் இன்னொன்று. நம் ஊரில் இபிஎஃப் பணத்தையும், சிங்கப்பூரில் சிபிஎஃப் பணத்தையும் போட்டு ஒரு வீடு வாங்குகிறோம். அதுதான் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போகும் சொத்து. அமெரிக்காவில் 1934-இல் தொடங்கிய அரசு வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம், கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரங்களைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்தது. அப்படிப்பட்ட வட்டாரங்களை வரைபடத்தில் சிவப்பு நிறத்தால் குறித்தார்கள். 1968-இல்தான் வீட்டு விஷயத்தில் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வெள்ளைக்காரத் தாத்தா கடன் வாங்கிக் கட்டிய வீடு பேரனின் படிப்புச் செலவான காலத்தில், இவர்கள் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கோட்டா பேச்சும் உண்டு. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளும் முறைக்கு முடிவுகட்டியது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆசிய மாணவர்களுக்கு அநீதி செய்கிறது என்பது அந்த வழக்கின் முக்கிய வாதம். நம்மவர்கள் சிலர் கைதட்டினார்கள். மெட்ரிகுலேஷன் முடிவு வரும்போதெல்லாம் தவிக்கும் மலேசியத் தமிழனுக்குக் கோட்டா என்றாலே கசப்பு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதே நாம்தான், பின்தங்கிய நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் இடம் ஒதுக்குங்கள் என்று மனு கொடுக்கிறோம். அந்த மனு நியாயம் என்றால், அங்கே ஒரு கறுப்பினத் தாய் கேட்பது மட்டும் எப்படிப் பிச்சையாகும்?

கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டார்கள். நாமும் இங்கே “நம்ம பொண்ணு” என்றோம். அவர் அம்மா சியாமளா கோபாலன் 1958-இல் 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போனவர். அங்கே கறுப்பின மாணவர்களோடு சேர்ந்து சம உரிமை ஊர்வலங்களில் நடந்தவர். மகளைக் கொண்டாடிய நாம், அம்மா யாரோடு நின்றார் என்பதைப் பேசவே இல்லை.

நன்றிக்கடனுக்காக ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடச் சொல்லவில்லை. என் தம்பி யாருக்கு ஓட்டுப் போடுகிறான் என்பது அவன் பாடு. குற்றம் செய்தவனைக் குற்றவாளி என்று சொல்லவும் தடையில்லை. ஒரு சமுதாயம் முழுவதையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்கும் பேச்சைத்தான் வேண்டாம் என்கிறேன், அதுவும் பிள்ளைகளின் காதுபட.

கோலாலம்பூரில் வாடகை வீடு தேடும் இளைஞர்களுக்கு ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்ற வரி புதிதல்ல. சிங்கப்பூரிலும் அதைப் பார்த்தவர்கள் உண்டு. நல்ல வேலை, நல்ல சம்பளம், குடிப்பழக்கம் இல்லை, ஆனாலும் பெயரைக் கேட்டதும் வீடு ‘போய்விட்டது’ என்பார்கள். அந்த வீட்டுக்காரரிடம் கேட்டால், அவரும் குடி, கேங், சத்தம் என்றுதான் காரணம் சொல்வார். அப்போது நமக்கு வரும் கோபம் நியாயமானது. அதே கோபம், நம் வீட்டுப் பிள்ளை இன்னொருவரைப் பற்றி அப்படிப் பேசும்போதும் வர வேண்டும். தம்பியிடம் அதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அண்ணே, அந்த 1965 சட்டம்னு சொன்னீங்களே, அது பேரு என்ன?” என்று கேட்டான்.