தர்மம் செய்யும் குடும்பங்களுக்கு

இளம்பிள்ளைப் பக்கத்துத் தறிக்காரத் தோழர்கள் சிலர் நம்மை ஒரு கேள்வி கேட்டார்கள். "கோவிலுக்கும் சடங்குக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லுகின்றீர்களே, அப்படியானால் தர்மமே வேண்டாம் என்பதுதான் உங்கள் கொள்கையா? பாட்டன் காலந்தொட்டு எங்கள் குடும்பத்தில் வருஷத்துக்கு ஒரு தொகை எடுத்து வைக்கின்றோமே, அதை என்ன செய்வது?" என்பதே அது. கேள்வி நியாயமானதே. தர்மம் கூடாது என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. தர்மத்தின் பேரால் நடப்பது தர்மந்தானா என்று பாருங்கள் என்றுதான் சொல்லி வருகின்றோம்.

இப்போது நடப்பதென்ன? கும்பாபிஷேகத்துக்கு ஒரு பங்கு, ஆடித் திருவிழாவுக்கு ஒரு பங்கு, அமாவாசைக்குக் கஞ்சமலை போகும் கூட்டத்துக்குச் சோறு என்று ஒரு பங்கு. வயிறு நிறைந்தவனுக்கே இன்னொரு இலை போடப்படுகின்றது. மிச்சத்தில் ஒரு குழல் விளக்கு வாங்கி, 'உபயம்' என்று குடும்பப் பேர் முழுவதையும் அதன்மேல் எழுதி வைக்கின்றார்கள். எழுத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருப்பதை நாம் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கின்றோம். அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்து எந்தப் பிள்ளையும் படிக்க முடியாது!

நிற்க. கொடுப்பதற்கு முன் அந்தப் பணம் யாருடையது என்று கேட்க வேண்டாமா? இளம்பிள்ளைச் சேலை வெளியூர்க் கடைகளிலெல்லாம் தொங்குகின்றது. அதற்குப் பாவு ஓட்டியவனும், தார் சுற்றிய பெண்ணும், சாயத் தொட்டியில் கை வெந்தவனும் உண்டு. விசைத்தறிப் பிரதேசங்களில் தொழிலாளி முன்பணம் வாங்கிவிட்டு அது தீரும்வரை அந்தத் தறியை விட்டு நகர முடியாமல் கிடப்பது ஊரறிந்த சங்கதி. நாமக்கல் ஜில்லா பள்ளிபாளையத்தில் கடனுக்காக விசைத்தறித் தொழிலாளிகள் தங்கள் சிறுநீரகத்தையே விற்ற கதை 2025ல் பத்திரிகைகளில் வந்தது. காகிதத்தில் அதற்கும் பேர் 'தானம்'தான்! ஆகவே கூலியைக் குறைத்துப் பிடித்து மிச்சப்பட்டதில் அன்னதானம் செய்கின்ற கனவானைத் தர்மவான் என்று நம்மால் ஒப்புக்கொள்ள முடியாது. கூலி பாக்கியைத் தீர்ப்பது கடன். அதற்குப் பிறகு கொடுப்பதே தர்மம்.

இனி, பெரிய தர்மம் ஒன்றின் சரித்திரத்தைப் பார்ப்போம். பச்சையப்ப முதலியார் 1794ல் இறந்தபோது, காசி முதல் கன்னியாகுமரி வரை கோவில் கட்டளைகளுக்கென்று தம் திரண்ட சொத்தை எழுதி வைத்தார். நடந்தது என்ன? குடும்பத்தில் வழக்கு, கையாடல், கோர்ட்டு. கடைசியில் கோர்ட்டார் தலையிட்டுக் கணக்குப் பார்த்து, கட்டளைகள் போக வளர்ந்து கிடந்த மிச்சத்தைப் படிப்புக்குத் திருப்பிய பிறகே, 1842ல் சென்னையில் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அவர் செத்து 48 வருஷம்! இன்று அவர் பேரை ஜனங்கள் சொல்லுவது எதனால்? கட்டளைகளாலா, காலேஜாலா? அந்தக் காலேஜும் சும்மா வரவில்லை. 1920களின் பிற்பகுதி வரையில் ஆதிதிராவிடப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. இந்து அல்லாதாருக்கு 1947 வரை கதவு அடைத்தே இருந்தது. பணத்தைப் படிப்புக்குக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, யார் படிக்கலாம் என்று கேட்காத படிப்பாயிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கொடுத்தவன் கேள்வி கேட்கக் கூடாது என்பார்கள். சேரன்மாதேவி குருகுலத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனரல்லாதார். தமிழ்நாட்டுக் காங்கிரசும் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்தபோது, 1925ல் அதைத் தட்டிக் கேட்டவர்களில் முன்னின்றவர் நம் இராசிபுரத்தில் பிறந்து சேலத்தில் பத்திரிகை நடத்திய டாக்டர் வரதராஜுலு நாயுடு. கேளாமல் இருந்திருந்தால் கொடுத்தவர்களே தங்கள் பிள்ளைகளின் இழிவுக்குக் கூலி கொடுத்தவர்களாயிருப்பார்கள்.

பணக்காரனால்தான் முடியும் என்று சொல்லுவதும் பொய். காரைக்குடி அழகப்ப செட்டியார் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953ல் அது திறக்கப்பட்டது. அவ்வளவு நம்மில் யாரால் ஆகும்? ஆனால் விருதுநகர் வியாபாரிகள் 1889ல் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தை மகமையைக் கொண்டு நடத்தினார்கள். அவ்வூர்ப் பெண்கள் உலை வைக்குமுன் நாள்தோறும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைப் படிப்புக்கு உதவினார்கள். காமராஜர் படித்த ஊர் அது. அந்த நிதி ஒரு சாதியாரின் நிதியாயிருந்தது நமக்குச் சம்மதமில்லை என்றாலும் முறை நல்ல முறை.

பிடி அரிசியை எடுத்து வைத்தவர் பெண் என்பதைக் கவனியுங்கள். நம் குடும்பங்களிலோ தர்மத் தொகையைத் தீர்மானிப்பவர் பெரியவர் ஒருவரே. இராவெல்லாம் தார் சுற்றிய மருமகளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் ஆணும் பெண்ணும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து அந்தத் தொகையைப் பேசட்டும். பத்துப் பேருக்குப் பத்துப் பத்தாய்ச் சிதறாமல், ஒரு பெண் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை ஏற்றுக்கொள்ளட்டும். அது எந்தத் தெருப் பெண் என்று மட்டும் கேட்கக் கூடாது. அவளை மேடையேற்றி மாலை போட்டுப் படம் எடுக்கவும் கூடாது. அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கின்றாளா, தறிக்குப் போய்விட்டாளா என்று போய்ப் பார்க்க வேண்டும். போய்விட்டாள் என்றால் காரணத்தை அவள் தாயிடமே கேளுங்கள். முன்பணக் கடன் என்று அவள் சொல்லுவாளானால், கடன் கொடுத்த தறி யாருடையது என்பதையும் விசாரியுங்கள். சில வீடுகளில் அது தர்மம் செய்த குடும்பத்தின் தறியாகவே இருக்கக்கூடும்.