உபாத்தியாயர்களும் பேசும் இயந்திரமும்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரஸ்தாவில் இருங்காட்டுக்கோட்டை முதல் ஸ்ரீபெரும்புதூர் வரையிலும், அங்கிருந்து ஒரகடம் வரையிலும் உள்ள கிராமங்களில் கடந்த 30 வருஷ காலத்திற்குள் ஏற்பட்டிருக்கும் மாறுதலை வாசகர்கள் அறிவார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும், 2012இல் டெய்ம்லரும், 2013இல் ராயல் என்பீல்டும் வந்து சேர்ந்தன. தொழிற்சாலைகளைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும், பாலிடெக்னிக்குகளும் பெருகின. நாட்டிலுள்ள மற்றக் கல்லூரிகளைப் போலவே இங்கும் இப்போது புதிதாய் ஒரு பேச்சு கிளம்பியிருக்கின்றது. அதாவது, கேட்டதை எழுதியும், கணக்குப் போட்டும், படம் வரைந்தும் கொடுக்கின்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கையாளக் கல்லூரி ஆசிரியர்கள் எல்லோரும் கற்றாக வேண்டும் என்பதும், அதை இணையத்தின் மூலம் அவரவர் சாவகாசத்திற்குத் தக்கபடி தாங்களாகவே படித்துக்கொள்ள வேண்டும் என்பதுமாகும். 2025ஆம் வருஷத்தையே செயற்கை நுண்ணறிவு வருஷமென்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அறிவித்ததும் இதற்காகத்தான்.

இயந்திரமென்றால் முகஞ்சுளித்து, ராட்டினமே மோட்சமென்று பேசிய கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். ஓரிடத்திலிருந்துகொண்டே பல இடங்களிலுள்ள மக்களுக்குக் கல்வி கற்பிக்கும் காலம் வருமென்று 1940களிலேயே பெரியார் தமது "இனிவரும் உலகம்" என்னும் நூலில் சொல்லிவிட்டார். ஆகவே ஆசிரியர்கள் இப்புதிய கருவியைக் கற்க வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை சிறிதும் கிடையாது. யாருடைய நேரத்தில் கற்பது, கற்றதை எப்படிச் சோதிப்பது, கற்ற பின் அக்கருவியிடம் எப்படி நடந்துகொள்வது என்பவைகளே நாம் கேட்கும் கேள்விகள்.

இணையத்தின் மூலம் கற்பிப்பது நமது நாட்டிற்குப் புதிதல்ல. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. 2017 ஜூலையில் சுவயம் வந்தது. 2018இல் ஆர்பிட் என்னும் பெயரால் கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே சுவயம் மூலம் 40 மணி நேரப் பாடங்கள் வைத்து, பரீட்சையில் தேறினால் பதவி உயர்வுக்கு அது கணக்கில் வருமென்றும் ஏற்படுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் சுவயம் பிளஸ் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் அதில் செயற்கை நுண்ணறிவுப் பாடங்கள் சில இலவசமாகவே கிடைக்கின்றன. நல்ல காரியம். முன்னெல்லாம் ஏட்டுச்சுவடியை ஒரு கூட்டத்தார் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றவன் காதால் கேட்டாலும் பாவமென்று சொன்ன தேசத்தில், மேலான பாடம் எந்தச் சாதியான் வீட்டிற்கும் காசில்லாமல் வருவது சாதாரண விஷயமல்ல.

ஆனால், கதவைத் திறந்து வைத்துவிட்டால் மாத்திரம் போதுமா? ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய அமெரிக்கக் கலாசாலைகளின் இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் கடைசிவரை படித்து முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர் சில்லறைதான். சகல வசதியுமுள்ள இடத்தின் கதியே இப்படியென்றால், நமது ஆசிரியர்களின் சாவகாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வகுப்பு. அது முடிந்தால் நாக் கமிட்டிக்கான பைல். கோடையில் புதிய மாணவர்களைச் சேர்க்க ஊர் ஊராய் அலைச்சல். பெண் ஆசிரியராயிருந்தால் வீட்டிற்குப் போனதும் அடுப்பு. கௌரவ விரிவுரையாளர் கதையோ கேட்கவே வேண்டாம். மாதம் ரூ.50,000 வரை கொடுக்கலாமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொல்லிய பிறகும், அதில் பாதிகூட இல்லாமல் நம் அரசுக் கல்லூரிகளிலேயே வருஷக்கணக்காய் உழைத்தவர்கள் அவர்கள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்து "உங்கள் சாவகாசம்போல் படியுங்கள்" என்று சொல்லுவது, பசித்தவனைப் பார்த்து "உன் இஷ்டம்போல் விருந்து சாப்பிடு" என்று சொல்லுவதற்கு ஒப்பாகும்.

தோழர்களே! ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் புதிதாய் ஒரு வெல்டிங் ரோபோ வந்தால், "ராத்திரி வீட்டில் படித்துக்கொண்டு வா" என்று முதலாளி தொழிலாளிக்குச் சொல்லுவானா? ஷிப்டு நேரத்திலேயே, சம்பளத்தோடு, ரோபோவின் பக்கத்தில் நிறுத்திப் பழக்குவான். அவன் தர்மவானென்பதற்காகவா? இல்லை. பழகாத கை பட்டால் லைன் நின்று பணம் நஷ்டமாகுமென்று அவனுக்குத் தெரியும். கல்லூரியில் பழகாத கை பட்டால் நஷ்டமாவது பிள்ளைகளின் புத்தி. அந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புஸ்தகத்திலும் ஏறுவதில்லையாதலால், கரஸ்பாண்டெண்டுகளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

நிற்க, நேரம் கொடுக்காமல் சர்டிபிகேட் மாத்திரம் கேட்டால் என்ன நடக்குமென்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கத்தார் வெளியிட்ட விவரத்தால், அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஆசிரியரின் பெயரே பல கல்லூரிகளின் கணக்கில் இருந்தது அம்பலமாயிற்று. பல்கலைக்கழகமே விசாரித்து, சுமார் 2,000 ஸ்தானங்களில் 189 பேரே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருப்பதாய்ச் சொல்லிற்று. முழு ஆளையே பொய்யாய்க் காட்டத் துணிந்த இடத்தில், ஒரு சர்டிபிகேட்டைப் பொய்யாய்க் காட்ட எவ்வளவு நேரமாகும்? படக்காட்சியை ஓடவிட்டுவிட்டு, கேள்விகளுக்கு அந்தச் செயற்கை இயந்திரத்திடமே விடை வாங்கி ஒட்டிவிட்டால் தீர்ந்தது. பாவத்தைத் தொலைக்கப் புரோகிதனுக்குத் தட்சிணை கொடுத்துவிட்டு வருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. இந்த இயந்திரம் உண்மையை அறிந்து பேசுவதல்ல. கோடிக்கணக்கான பக்கங்களில் மனிதர்கள் எழுதி வைத்ததை வைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடுமென்று கணித்துக் கோர்ப்பதே அதன் வேலை. ஆதலால் இல்லாத புஸ்தகத்தையும், நடவாத சம்பவத்தையும் கூசாமல் சொல்லும். மனிதன் எழுதி வைத்த அழுக்கும் அதில் கூடவே வரும். எம்.ஐ.டி. டெக்னாலஜி ரெவ்யூ என்னும் பத்திரிகை 2025இல் சோதித்துப் பார்த்ததில், சாதியை நிரப்பும்படி கொடுத்த 105 வாக்கியங்களில் 80இல் ஜிபிடி-5 பழைய சாதிப் புத்தியையே காட்டிற்று. அறிவாளி என்றால் பார்ப்பனர் என்றும், சாக்கடை சுத்தம் செய்பவரென்றால் தலித் என்றும் நிரப்பிற்று. மனுவைக் கொளுத்தினோம், அவர் கம்பியில்லாத் தந்தியில் திரும்பி வருகிறார்! இது தெரியாத ஆசிரியர், "இயந்திரமே சொல்லிவிட்டது" என்று வகுப்பில் சொல்லுவாரானால், "சாஸ்திரமே சொல்லிவிட்டது" என்று சொன்ன பழைய குருவுக்கும் அவருக்கும் பேதமில்லை. இயந்திரங்களுக்கு ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் தாராளமாய் இருக்கின்றது. நெற்றியில் பொட்டு வைத்துக் கும்பிடும் பொருளைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே நாம் கேட்பது இவைதான். வாரத்தில் சில மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே இதற்கென்று ஒதுக்கி, அதை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். தனியே படிப்பது ஒருபுறமிருக்க, ஒரே பாடத்தின் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து, இயந்திரம் சொன்ன பதிலில் எது பிழை என்று கண்டுபிடித்துப் பழக வேண்டும். பாடங்கள் நல்ல தமிழிலும் இருக்க வேண்டும். லாபரட்டரி உதவியாளர், நூலகர், ஆபீஸ் குமாஸ்தா ஆகியவர்களையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். சர்டிபிகேட்டைக் கேட்காமல், "இதைக்கொண்டு நீங்கள் நடத்திய ஒரு பாடத்தைக் காட்டுங்கள், இயந்திரம் செய்த எந்தத் தப்பைத் திருத்தினீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும்.

இவைகளை நிர்வாகிகள் தாமாய்க் கொடுப்பார்களென்று நாம் நம்பவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளிகள் 2024 செப்டம்பரிலிருந்து ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று.  பெயருக்குப் பின்னால் பட்டங்களை வரிசையாய் வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள், வாரத்தில் மூன்று மணி நேரத்தைக் கூட்டாய்க் கேட்பதற்கு ஏன் பயப்பட வேண்டும்? திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் குடும்பத்தில் முதன்முதலாய்க் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, இயந்திரத்தையும் கேள்வி கேட்கலாமென்று சொல்லிக் கொடுக்க அந்த ஆசிரியரைத் தவிர வேறு ஆளில்லை என்பதை அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.