விடுபட்டுப்போன ஓர் எண்

"கணக்கு எனக்கு வராது" என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்! அரையாண்டுத் தேர்வில் ஒரு பெருக்கலில் தவறி, ஐந்து மதிப்பெண் கணக்கை முழுதும் இழந்த அன்று நானும் அப்படித்தான் சொன்னேன். கணிதப் பிரிவே வேண்டாம் என்று வீட்டில் அழுதேன். "பெண்பிள்ளைக்கு எதற்கம்மா இத்தனை கணக்கு?" என்று உறவினர் ஒருவர் ஆறுதல் கூறினார். மதிப்பெண் போனதைவிட அந்த ஆறுதலே என்னை அதிகம் வருத்தியது. அப்போது எனக்குத் துணையாக வந்தது ஓர் எண்.

முட்டையையும் வாழைப்பழத்தையும் டஜன் கணக்கில் வாங்குகிறோம். பிரெஞ்சு வகுப்பில் பன்னிரண்டுக்கு நாம் சொல்லும் 'தூஸ்' என்பதே 'டஜன்' என்ற சொல்லுக்கு வேர். பன்னிரண்டுக்கு ஏன் இந்தப் பெருமை? 1, 2, 3, 4, 6, 12 என அதற்கு ஆறு காரணிகள் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேருக்கு மீதியின்றிப் பங்கிடலாம். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. 24, 36, 48, 60 ஆகியவையும் இவ்வாறே தமக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளில் வென்றவை.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன் இத்தகைய எண்களைப் பற்றி 1915-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் 6746328388800 வரை இவ்வெண்களைப் பட்டியலிட்டார்.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது! அது 293318625600. இதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒரு முறையும் வரும். ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். இன்னொரு வியப்பு: இவ்வெண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே கிடைக்கிறது!

இதனால் இராமானுஜனின் புகழ் குறைந்ததா? இல்லை. இவ்வாய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. விடுபட்ட எண்ணைப் பின்வந்தோர் சேர்த்துக்கொண்டனர். அவர் நிறுவிய உண்மைகள் இன்றும் நிலைத்து நிற்கின்றன.

கவனக்குறைவுக்கு நான் சாக்குத் தேடவில்லை. எழுதிய விடையைச் சரிபார்ப்பது நம் கடமை. மேதையின் பட்டியலையும் பிறர் சரிபார்த்ததால்தானே குறை தெரிந்தது? ஆனால் ஒரு சிவப்புக் கோட்டைப் பார்த்தவுடன் ஒரு பெண்ணின் அறிவையே அளந்துவிடுவது நியாயமன்று. அன்பான பெற்றோரே, அருட்சகோதரிகளே, எங்கள் விடை தவறும்போது "எந்த வரியில் தவறினாய்?" என்று கேளுங்கள். "உனக்கு இது வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான் கணிதப் பிரிவிலேயே தொடர்கிறேன். தோழியரே, இன்று மாலை பென்சிலும் தாளும் எடுத்து 293318625600-ஐ 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். தவறினால் அழித்துவிட்டு, மீண்டும் பெருக்குங்கள்!

– பதினொன்றாம் வகுப்பு மாணவி