வகுத்தலில் வரிசையும் அடைப்புக்குறியும்

கூட்டலும் பெருக்கலும் எவ்வரிசையில் செய்யப்பெறினும் ஒரே விடையைத் தருவன. வகுத்தலுக்கு அவ்வியல்பு கிடையாது. 48 ÷ 12 ÷ 4 என்பதை இடமிருந்து வலமாக வகுத்தால் விடை 1. பின்னிரண்டு எண்களை முதலில் வகுத்தால் விடை 16. இடமிருந்து வலமாகச் செல்வதே பொது வழக்கு. ஆயினும், அவ்வழக்கை மறந்தவருக்கு அதனை நினைவூட்டும் குறி எதுவும் அவ்வரியில் இல்லை.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணய முறை அமலுக்கு வருமுன், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பது கணக்கு. ஆகவே ஒரு பை என்பது 1 ÷ 16 ÷ 12, அதாவது ரூபாயில் 192-இல் ஒரு பங்கு. இதனையே 1 ÷ (16 ÷ 12) எனக் கொண்டால் முக்கால் ரூபாய் வரும். ஒரு பை பன்னிரண்டு அணாவாகிவிடும்! கடைவீதியில் இப்பிழை உடனே புலப்படும். நாணயத்தின் மதிப்பு யாவரும் அறிந்தது. ஆராய்ச்சிசாலையிலோ, உடல் எடைக்கும் நாளுக்கும் ஏற்ப மருந்தின் அளவைக் கணிக்குமிடத்திலோ அத்தகைய பழக்கம் எப்போதும் துணைக்கு வராது.

ஒரு பின்னத்தால் வகுக்க வேண்டின் அதனைத் தலைகீழாக்கிப் பெருக்கலாம் என்னும் விதியைப் பிரம்மகுப்தர் கி.பி. 628-இலேயே கூறினார். அவ்விதி பயன்பட வேண்டுமாயின், வகுபடுவது எது, வகுப்பது எது என்பது முதலில் தெளிவாக வேண்டும். அடுக்குப் பின்னத்தில் முதன்மைக் கோட்டை நீளமாக வரைவது இதன்பொருட்டே. அதன் மேலுள்ளது முழுவதும் தொகுதி. கீழுள்ளது முழுவதும் பகுதி. 48-ஐ மேலும், 12/4-ஐக் கீழும் எழுதினால், 48 × 4/12 = 16 என்பதில் ஐயத்துக்கு இடமேது?

டில்லியிலுள்ள தேசீய பௌதிக ஆராய்ச்சிசாலை நாட்டின் அளவைத் தரங்களைப் பேணி வருகிறது. அதன் முதல் டைரக்டர் தமிழரான கே. எஸ். கிருஷ்ணன். அங்குப் பேணப்பெறும் அலகுகளுக்கு ஆதாரமான சர்வதேச அலகு முறையின் கையேடு, அடைப்புக்குறியின்றி ஒரே கோவையில் சாய்கோட்டை இருமுறை இடலாகாது என்று விதிக்கிறது. தன்வெப்ப ஏற்புத்திறனின் அலகை ஜூல்/(கிலோகிராம் × கெல்வின்) என எழுதுவது இதனாலேயே.

அறிவியலார் தமக்கு விதித்துக்கொண்ட இக்கட்டுப்பாட்டைப் பள்ளிப் பாடநூல்களும் மேற்கொள்ளுதல் வேண்டும். வரிசை விதியைக் கற்பிப்பது அவசியமே. பிறர் எழுதியதைப் படிக்க அது உதவும். ஆனால் மாணாக்கரை மயக்குவதற்கென்றே அடைப்புக்குறியை நீக்கி வினாக்கள் அமைப்பது கணிதப் பயிற்சியாகாது. ஐயமற எழுதுவது எழுதுவோரின் கடமை. அதனை இளமையிலேயே பழக்குவது ஆசிரியரின் கடமை.