‘விசா கேரன்ட்டி’ என்று சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள்! - வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

படிப்பு முடிந்துவிட்டது. வேலையும் கிடைத்துவிட்டது. இனி கனடாவிலேயே தங்கிவிடலாம் என்று பி.ஆருக்கு விண்ணப்பித்தார்கள். அந்நாட்டு அதிகாரிகள் பழைய ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, “நீங்கள் விசா வாங்கும்போது கொடுத்த அட்மிஷன் கடிதமே போலி. நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்” என்று நோட்டீஸ் அனுப்பினார்கள்.

2023-ல் இந்த நோட்டீஸை வாங்கியவர்கள் இந்திய மாணவர்கள். பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். 700 பேர் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த அளவு இல்லை என்று நம் வெளியுறவுத்துறை தரப்பில் சொன்னார்கள். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், டொரன்டோவுக்குப் பக்கத்தில் மிஸிஸாகாவில் எல்லைப் பாதுகாப்பு அலுவலகத்தின் எதிரே கூடாரம் போட்டு, இரவும் பகலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது உண்மை. ஜூன் மாதம்தான் அந்நாட்டுக் குடியேற்றத்துறை அமைச்சர், உண்மையிலேயே படிக்க வந்து ஏமாந்தவர்களை அனுப்ப மாட்டோம் என்று அறிவித்தார். அதற்கும் ஒவ்வொருவரின் ஃபைலும் தனித்தனியாக ஆராயப்பட்டது.

ஜலந்தரில் கன்சல்டன்சி நடத்திய ஏஜென்ட் ஒருவர் கனடாவில் பிடிபட்டார். 2024 மே மாதம் வான்கூவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 3 ஆண்டு சிறை கிடைத்தது. அவரிடம் கட்டிய லட்சங்களும், போன வருடங்களும் மாணவர்களுக்குத் திரும்பவில்லை.

ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கிற ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இந்த வழக்கில் இருக்கிறது.

கையெழுத்து யாருடையது?

அங்கே நடந்தது இதுதான். பெயர்பெற்ற ஒரு கல்லூரியின் பெயரில் அட்மிஷன் கடிதம் வந்தது. அதை வைத்து விசாவும் கிடைத்தது. கனடாவில் போய் இறங்கியதும், “அந்த கோர்ஸில் சீட் முடிந்துவிட்டது. வேறு கல்லூரியில் சேர்ந்துகொள்ளுங்கள்” என்று ஏஜென்ட் சொன்னார். கல்லூரிக் கட்டணம் என்று வாங்கிய பணத்தைத் திருப்பியும் கொடுத்தார். பணம் வந்துவிட்டதால் பலருக்குச் சந்தேகமே வரவில்லை. வேறு கல்லூரியில் சேர்ந்து, ஒழுங்காகப் படித்தும் முடித்தார்கள்.

விசா விண்ணப்பத்தில் ஏஜென்ட்டின் பெயர் எங்குமே இல்லை. மாணவரே பூர்த்தி செய்து அனுப்பியது போலத்தான் இருந்தது. சிக்கல் வந்தபோது, சட்டத்தின் கண்ணில் பொய்க் கடிதம் கொடுத்தவர் மாணவர்தான்!

கனடா சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்லவோ, விண்ணப்பம் போடவோ உரிமம் பெற்றவரால்தான் முடியும். வக்கீலாக இருக்க வேண்டும். அல்லது அந்நாட்டின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘கல்லூரி’ என்ற பெயரைப் பார்த்துப் பாடம் நடத்தும் இடம் என்று நினைக்க வேண்டாம், அது ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு. அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே உரிமம் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். உரிமம் உள்ளவர் உங்களுக்காக விண்ணப்பித்தால், ‘இவர்தான் என் பிரதிநிதி’ என்று ஒரு படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். பணமும் வாங்கிக்கொண்டு, “அந்தப் படிவம் வேண்டாம், நீங்களே அனுப்பின மாதிரி போட்டுடலாம்” என்று ஒருவர் சொன்னால், எழுந்து வந்துவிடலாம்.

சுவரில் தொங்கும் சான்றிதழ்கள்

நம் ஊர் கன்சல்டன்சிகளில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். உள்ளே போனால் ஃபிரேம் போட்டு ஜி.எஸ்.டி பதிவும், கம்பெனி பதிவும் தொங்கும். கடை நடத்தவும் வரி கட்டவும் வேண்டிய காகிதங்கள் அவை. மாணவர்களை வெளிநாடு அனுப்பும் தகுதியைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இருக்காது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் 1983-ம் ஆண்டு குடிபெயர்வோர் சட்டத்தின்கீழ் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. படிக்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் கன்சல்டன்சி அதற்குள் வருவதில்லை. பஞ்சாபில் 2012-ல் கொண்டுவந்த தனிச் சட்டப்படி விசா ஆலோசகர்கள் உரிமம் வாங்க வேண்டும். ஜலந்தரும் பஞ்சாபில்தான் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. உரிமத்தைப் பார்த்த பிறகும் நாம் சரிபார்க்க வேண்டியது மிச்சம் இருக்கிறது.

‘ஃப்ரீ கவுன்சலிங்’ எப்படி ஃப்ரீ?

எல்லா ஏஜென்ட்டும் திருடர் இல்லை. நேர்மையாக வழிகாட்டி, பல பிள்ளைகளைக் கரைசேர்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால், அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மாணவர் சேர்ந்ததும், பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தில் ஒரு பங்கை ஏஜென்ட்டுக்குக் கமிஷனாகக் கொடுக்கின்றன. அதில் தவறில்லை. கமிஷன் எங்கே வருகிறதோ அங்கே உங்கள் பிள்ளையைத் தள்ளுவதுதான் தவறு.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. யூனி-அசிஸ்ட் தளத்தின் வழியாக விண்ணப்பிக்க முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ் சான்றிதழ் கட்டாயம். இவற்றையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். ஆனால் கட்டணம் இல்லாத இடத்தில் கமிஷன் எங்கிருந்து வரும்? அதனால்தான் சில ஏஜென்ட்டுகள், “கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டி கஷ்டம் சார்” என்று சொல்லி, லட்சங்கள் கேட்கும் தனியார் கல்லூரியைக் காட்டுகிறார்கள்.

“இந்தக் கல்லூரியில் சேர்ந்தால் உங்களுக்குக் கமிஷன் உண்டா? கமிஷன் இல்லாத கல்லூரிக்கும் எனக்காக விண்ணப்பிப்பீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். நேர்மையானவர் பதில் சொல்வார்.

‘ஷோ மணி நாங்க பார்த்துக்கறோம்’

இங்கிலாந்து மாணவர் விசாவுக்குப் பணம் காட்ட வேண்டும் என்றால், தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். பணம் இல்லாத குடும்பத்திடம், “வட்டி மட்டும் கொடுங்க, உங்க கணக்குல போட்டு எடுத்துக்கறோம்” என்பார்கள். இன்னும் சிலர் அந்தச் சிரமமும் இல்லாமல் பேங்க் ஸ்டேட்மென்ட்டையே கம்ப்யூட்டரில் தயார் செய்துவிடுவார்கள். அனுபவச் சான்றிதழ், மார்க் ஷீட் வரை இந்த ‘ஏற்பாடு’ நீளும்.

பிடிபட்டால் என்ன ஆகும் தெரியுமா? பொய் ஆவணம் கொடுத்ததாக முடிவானால் கனடாவுக்கு 5 ஆண்டு போக முடியாது. இங்கிலாந்தில் ஏமாற்று வேலை என்று முடிவு செய்தால் 10 ஆண்டு வரை கதவு மூடியிருக்கும். அமெரிக்காவில் அந்தக் கறை ஆயுளுக்கும் நிற்கும். 21 வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! ஏஜென்ட் வேறு பெயரில் வேறு தெருவில் கடை திறந்துகொள்வார்.

பணம் உண்மையிலேயே குறைவாக இருந்தால் கல்விக் கடன் வாங்கலாம், செலவு குறைந்த நாட்டைத் தேடலாம், ஒரு வருடம் தள்ளியும் போகலாம்.

பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா?

பல கன்சல்டன்சிகளில் மாணவர் பெயரில் புதிதாக ஒரு மெயில் ஐடி தொடங்கி, அதில்தான் விண்ணப்பிப்பார்கள். பாஸ்வேர்டு அவர்களிடமே இருக்கும். வசதிக்காகச் செய்வது போலத் தெரியும். ஆனால் பல்கலைக்கழகம் என்ன எழுதியது, தூதரகம் என்ன கேட்டது என்று எதுவுமே உங்களுக்குத் தெரியாது. விசா ஒருமுறை மறுக்கப்பட்டதைச் சொல்லாமலே மறுபடியும் விண்ணப்பிப்பார்கள். ‘இதற்கு முன் விசா மறுக்கப்பட்டிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டுவிட்டால், நீங்கள் அறியாமலே பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள்.

அதனால் உங்கள் சொந்த மெயில் ஐடியையும் போன் நம்பரையும் மட்டும் கொடுங்கள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். அனுப்பியதும் முழு பி.டி.எஃப் கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் இந்த ஐந்தும்

1. கல்லூரியை அரசுப் பட்டியலில் பாருங்கள். கனடா என்றால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகள், இங்கிலாந்து என்றால் மாணவர் ஸ்பான்சர்கள், அமெரிக்கா என்றால் மாணவர் விசாவுக்கு அனுமதி பெற்ற கல்லூரிகள். மூன்று பட்டியலும் அந்தந்த அரசின் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும்.

2. பட்டியலோடு நிற்காதீர்கள். 2019-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ‘ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்’ என்ற பெயரை நம்பிச் சேர்ந்த 129 இந்தியர்கள் பிடிபட்டார்கள். விசா மோசடியைப் பிடிக்க அந்நாட்டு அதிகாரிகளே உருவாக்கிய பல்கலைக்கழகம் அது. அரசுப் பட்டியலிலும் பெயர் இருந்தது. ஆனால், ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. ஆகவே பாடத்திட்டத்தைக் கேளுங்கள். அங்கே படிக்கும் மாணவர் ஒருவரிடமாவது பேசுங்கள்.

3. ஆஃபர் லெட்டரை நீங்களே சரிபாருங்கள். கடிதத்தில் இருக்கும் மெயிலுக்கு எழுத வேண்டாம். கல்லூரியின் தளத்துக்குப் போய், அங்கிருக்கும் அட்மிஷன் பிரிவு முகவரிக்கு மாணவர் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கனடா அரசே 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறது. அப்படிச் சரிபார்த்த முதல் 5 லட்சம் கடிதங்களில் 10,000-க்கும் மேல் சந்தேகத்துக்குரியவை என்று தெரியவந்தது.

4. கல்லூரிக் கட்டணத்தைக் கல்லூரிக்கே கட்டுங்கள். ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்கோ, ஜிபே நம்பருக்கோ வேண்டாம். ஏஜென்ட்டுக்கான கட்டணத்தைத் தனியாக, பேங்க் வழியாக, ரசீதோடு கொடுங்கள். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

5. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஸ்கேன் செய்த பிரதி போதும்.

விசா கொடுப்பது தூதரக அதிகாரி. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எந்த ஏஜென்ட்டுக்கும் தெரியாது. ‘100% கேரன்ட்டி’ என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார்; அல்லது உங்கள் ஃபைலில் பொய்யை வைக்கப்போகிறார்.

‘மார்க் ஷீட்டைத் திருப்பித் தர மாட்டேங்கறாங்க!’

இந்தப் பகுதிக்கு ஒரு அம்மா எழுதியிருந்தார். மகனுடைய பாஸ்போர்ட்டும் மார்க் ஷீட்டும் கன்சல்டன்சியில் மாட்டிக்கொண்டன. வேறு இடத்தில் விண்ணப்பிக்கிறோம் என்றதும், “40 ஆயிரம் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க” என்கிறார்களாம். “பகைச்சுக்கிட்டா பையனோட விசாவைக் கெடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு” என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்.

பயப்படாதீர்கள் அம்மா. விசாவைக் கெடுக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதை அடகு போலப் பிடித்து வைக்க எந்தக் கன்சல்டன்சிக்கும் உரிமை இல்லை. முதலில், என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியல் போட்டு, 7 நாளில் திருப்பித் தரச்சொல்லி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அதையே மெயிலிலும் அனுப்புங்கள். தரவில்லை என்றால் அந்தக் கடிதத்தின் நகலோடு காவல் நிலையம் போங்கள். மகனுடைய மெயில் பாஸ்வேர்டு அவர்களிடம் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால்...

வாட்ஸ்அப் சாட், வாய்ஸ் மெசேஜ், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். பெரிய தொகை என்றால் மாவட்டங்களில் மாவட்டக் குற்றப்பிரிவிலும், மாநகரங்களில் மத்தியக் குற்றப்பிரிவிலும் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு மோசடிக்கானது. ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

சொன்ன சேவையைச் செய்யவில்லை, பணத்தையும் தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் யோசனை கேட்க வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இதைவிட அவசரமான ஒன்று உண்டு. உங்கள் விண்ணப்பத்தில் போலி ஆவணம் போயிருப்பது தெரியவந்து, முடிவு இன்னும் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். அந்த நாட்டில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதா, நடந்ததை எழுத்தில் சொல்வதா என்று முடிவெடுங்கள். அதிகாரி கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொல்வதற்கும், பிடிபட்ட பிறகு சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வீட்டில் யாராவது வெளிநாட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தால் இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் இரண்டே கேள்வி கேளுங்கள்: “உன் விண்ணப்பத்தை நீ முழுசா படிச்சியா? ஆஃபர் லெட்டர் நிஜம்தானான்னு காலேஜுக்கு மெயில் போட்டியா?” இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வரும்வரை அடுத்த தவணைப் பணத்தைக் கட்டாதீர்கள்.